மதிலுக்கு அப்பால் விழித்திருந்தவர்கள்

'அயல்' என்னும் சொல் தமிழில் இரு முகம் கொண்டது. அயல்நாடு என்கையில் அது தொலைவைக் குறிக்கிறது. அயல்வீடு என்கையில் கூப்பிடு தூரத்தைக் குறிக்கிறது. மறைநூலின் பழைய மொழிபெயர்ப்புகளில் 'அயலான்' என்று வருபவன் அடுத்த வீட்டுக்காரனே. பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற நம் மக்கள் இந்தச் சொல்லின் இரு பொருளையும் ஒரே நாளில் வாழ்கிறார்கள். அவர்கள் அந்த மண்ணுக்கு அயலார். அவர்களுடைய வாசலில் நிற்பவரோ அவர்களுக்கு அயலார். நடுவில் ஒரு மதில் இருக்கிறது. நல்ல காலத்தில் அந்த மதிலை எவரும் கவனிப்பதில்லை. நோயும் பசியும் வந்த காலத்தில் அது எவ்வாறு உயர்ந்தது என்பதை, நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வாயிலாக நாம் ஓரளவு அறிய நேர்ந்தது.

குடும்பத் தலைவர் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு நெகிழிப் பொருள் தொழிற்சாலையில் பொறியாளர். பதினைந்து ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார். மனைவியும் ஒரு மகளும் உடன் இருக்கிறார்கள். தாயார் இங்கே நம் ஆலயத்துக்கு மூன்றாவது தெருவில். லாகோஸில் இந்தியர் பலர் வாழ்வது போலவே இவர்களும் வளாகக் குடியிருப்பில் வாழ்கிறார்கள்: உயர்ந்த மதில், மதில் மேல் முள்கம்பி, இரும்புக் கதவு, ஜெனரேட்டர், வாயிலில் இரவும் பகலும் காவலர். வாயிற்காவலரை அங்கே 'மைகார்ட்' என்பார்களாம். வடபுலத்து ஹவுசா மொழியில் 'மை' என்றால் உடையவர். அதனோடு ஆங்கிலச் சொல்லை ஒட்ட வைத்துவிட்டார்கள். இந்த வளாகத்தின் மைகார்ட்டும் வடக்கிலிருந்து வந்த இசுலாமியர். அவருடைய குடும்பம் நகரின் மறு ஓரத்தில், ஹவுசா மக்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கும் அகேகே பகுதியில் இருந்தது.

2020 பிப்ரவரி 27 அன்று நைஜீரியாவில் முதல் கோவிட் நோயாளி உறுதி செய்யப்பட்டார். அவர் இத்தாலியிலிருந்து லாகோஸ் வந்த ஓர் அயல்நாட்டார். ஆகவே தொடக்கத்தில் அச்சம் மதிலுக்கு வெளியேதான் இருந்தது. அயல்நாட்டாரின் காரில் ஏறும் ஓட்டுநர் சன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டார் என்று பொறியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு மாதத்தில் சிரிப்பு அடங்கிற்று. மார்ச் 30 இரவு பதினொரு மணி முதல் லாகோஸ், ஒகுன் மாநிலங்களும் தலைநகர் அபுஜாவும் முடக்கப்பட்டன. முதலில் பதினான்கு நாள். பின்னர் மேலும் பதினான்கு நாள். மே 4 அன்றுதான் கட்டுகள் தளரத் தொடங்கின.

ஒன்றரைக் கோடிக்குக் குறையாத மக்கள் நெருங்கி வாழும் நகரம் அது. பெரும்பாலோர் அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவர்கள்: தலைச்சுமை வணிகர், சிற்றுந்து நடத்துநர், சந்தையில் தக்காளி கூறு கட்டுபவர். தொற்றுக்கு முன்பே எடுத்த ஒரு கணக்கை அந்நாட்டுப் புள்ளியியல் துறை 2020 மே மாதம் வெளியிட்டது. ஆண்டுக்கு 1,37,430 நைராவுக்கும் குறைவாகச் செலவழித்து வாழும் வறியவர் நூற்றுக்கு 40 பேர். எண்ணிக்கையில் 8 கோடியே 29 லட்சம். 2019 ஆகஸ்டில் அண்டை நாட்டு எல்லைகளை அரசு மூடியதால் அரிசி விலை முன்பே ஏறியிருந்தது. மாதக் குறைந்தபட்ச ஊதியம் 30,000 நைரா. ஐம்பது கிலோ அரிசி மூட்டையின் விலையும் ஏறத்தாழ அவ்வளவு. லாகோஸ் மாநில அரசு முதற்கட்டமாக 2 லட்சம் குடும்பங்களுக்கு உணவுப் பொதி வழங்க முன்வந்தது. ஒன்றரைக் கோடி எங்கே, 2 லட்சம் குடும்பங்கள் எங்கே?

இந்தப் பின்னணியில்தான் ஏப்ரல் இரண்டாம் வாரம் திருட்டுச் செய்திகள் பரவின. 'ஒன் மில்லியன் பாய்ஸ்', 'அவாவா' என்ற பெயர்களில் இளைஞர் கும்பல்கள் தெருத்தெருவாகப் புகுந்து பணமும் உணவும் பறிப்பதாகச் சொன்னார்கள். இன்ன நாளில் வருகிறோம் என்று கும்பலே கடிதம் எழுதிப் போட்டதாகவும் பேச்சு. வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகள் பறந்தன. வளாகத்தினுள் இருந்த இந்தியர்களுக்கு அவை நிமிடத்திற்கு ஒன்றாக வந்து சேர்ந்தன. ஊருக்குத் திரும்ப விமானம் கிடையாது. தாயார் தினமும் நம்மைத் தேடி வந்து ஆலய வாசலுக்கு வெளியே நின்று, "சாமி, பிள்ளைக்கு ஒரு போன் போடுங்க, நான் கேட்டா ஒன்றும் இல்லைங்கிறான்" என்பார்.

அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 12. பூட்டிய ஆலயத்தில் பாஸ்காத் திருவிழிப்பு நிறைவேற்றினோம். புதுத் தீ மூட்டும் சடங்கைத் திருச்சபை அம்முறை விலக்கி வைத்திருந்தது. பாஸ்காத் திரியை மட்டும் ஏற்றினோம். விடியற்காலை மூன்றரை மணிக்குத் தொலைபேசி அழைத்தது. லாகோஸில் அப்போது இரவு பதினொன்று. மொட்டைமாடியில் நிற்பதாகவும், தொலைவில் ஆங்காங்கே நெருப்பு தெரிவதாகவும் பொறியாளர் சொன்னார். "கும்பல் எரிக்கிறதா, மக்கள் எரிக்கிறார்களா, தெரியவில்லை சாமி."

எரித்தவர்கள் மக்கள். அந்த இரவுகளில் அகேகே முதலிய வடபகுதிகளிலும் ஒகுன் எல்லையோரத்திலும் தெரு முனைகளில் பழைய டயர்களைக் கொளுத்திவிட்டு, ஆண்கள் வெட்டரிவாளும் தடியும் இரும்புக் கம்பியுமாக விடிய விடியக் காவல் இருந்தார்கள். போலீசார் நூற்றுக்கும் அதிகமானோரைக் கைது செய்தார்கள். அதே வேளையில், வந்த அபயக் குரல்களில் பல வெறும் வதந்தி என்றும் சொன்னார்கள். திருட்டு நடந்ததா என்றால் நடந்தது. சொல்லப்பட்ட அளவுக்கு நடந்ததா என்றால் இல்லை. வதந்தி எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த முதிய பெண்மணி பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் நடுவில் நைஜீரிய தேசிய மனித உரிமை ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முடக்கத்தின் முதல் இரு வாரங்களில் அதை நடைமுறைப்படுத்திய பாதுகாப்புப் படையினரின் கையில் இறந்தவர்கள் 18 பேர். அதுவரை அந்நாட்டில் கொரோனாவால் இறந்தவர்கள் 12 பேர். யாருக்கு அஞ்சுவது என்னும் கேள்விக்கு மதிலுக்கு உள்ளே ஒரு விடையும் வெளியே வேறொரு விடையும் இருந்திருக்க வேண்டும்.

அயல்நாட்டில் வாழும் நம் மக்களின் அச்சத்தை நாம் இகழவில்லை. நைஜீரியாவில் ஆட்கடத்தல் தொற்றுக்கு முன்பே பெரும் தொழிலாக வளர்ந்திருந்தது. 2020 சனவரி 8 அன்று கடுனாவில் நல்லாயன் பெருங்குருமடத்திற்குள் ஆயுதத்தோடு புகுந்தவர்கள் நான்கு மாணவர்களைக் கடத்தினார்கள். மூவர் விடுவிக்கப்பட்டனர். மைக்கேல் நாடி என்னும் பதினெட்டு வயது மாணவர் கொல்லப்பட்டார். குருமட வாழ்வை அறிந்த நமக்கு அச்செய்தி பல நாள் உறக்கம் தரவில்லை. அத்தகைய நாட்டில் ஒரு தகப்பன் மகளை நினைத்து மதிலைப் பார்ப்பது இயல்பு. ஆனால் அச்சத்திற்கு ஒரு பழக்கம் உண்டு. தொலைவில் உள்ள கொள்ளையனை அதனால் தொட முடியாது. ஆகவே எட்டும் தூரத்தில் இருப்பவரைச் சந்தேகிக்கத் தொடங்குகிறது.

அந்த வீட்டில் அது அரிசிப் பாத்திரத்தில் தொடங்கிற்று. சமையலுக்கு உதவ ஒரு பெண் வருவார். முடக்கத்தில் போக வழியின்றி வளாகத்தின் பின்கட்டிலேயே தங்கிவிட்டார். பொறியாளரின் மனைவி ஒருநாள் அரிசி டிரம்மின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மறுநாள் பார்த்தால் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நாளுக்கு இரண்டு பிடி இருக்கும். வளாகத்துப் பெண்கள் கூடிப் பேசியபோது வீட்டுக்கு வீடு இதே கதை: ஒரு வீட்டில் சர்க்கரை, ஒரு வீட்டில் சோப்பு. இவர்களையெல்லாம் வெளியேற்றிவிட்டால் கும்பலுக்கு உள்ளிருந்து துப்புக் கொடுக்க ஆள் இருக்காது என்று யாரோ சொல்ல, அது தீர்மானம் போலவே ஆகிவிட்டது. நம்மிடம் தொலைபேசியில் கேட்ட கேள்வி இதுதான்: "களவு களவுதானே சாமி?"

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவருக்கும் இந்தப் பாடம் தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு நேராக விடை சொன்னார். வேறு வழியே இல்லாத கடும் தேவையில், உயிர் காக்கப் பிறர் பொருளை ஒருவர் எடுப்பது முறையாகச் சொன்னால் களவு ஆகாது என்பது அவர் முடிவு. வெளிப்படையாக எடுத்தாலும் சரி, மறைவாக எடுத்தாலும் சரி. மண்ணின் பொருள்கள் எல்லார்க்கும் உரியவை என்பதே அதன் அடிப்படை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், 69-ஆம் எண்ணில், இதே கருத்தை ஏற்றது. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்த பகுதி இது. டிரம்மிலிருந்து இரண்டு பிடி அரிசி குறைந்த வீட்டுக்காரர் கேட்கும்போது இதைச் சொல்வது தேர்வை விடக் கடினமாக இருந்தது. சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இதை என் மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள் சாமி" என்று தொலைபேசியை அந்த அம்மையாரிடம் கொடுத்துவிட்டார்.

அம்மையார் நம்மை விட நல்ல இறையியலார். "சாமி, அவள் என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டால் கொடுத்திருப்பீர்களா என்றோம். "கொடுத்திருப்பேன். ஆனால் எங்கே அனுப்புகிறாள் என்று கேட்டிருப்பேன். அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்காது." பிற்பாடு விசாரித்ததில், அந்த அரிசி இரவில் இரும்புக் கதவின் இடுக்கு வழியே மைகார்ட்டின் கைக்குப் போய், அங்கிருந்து அகேகேக்குப் போயிருக்கிறது. காவலரை அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் அந்த மாதம் பாதிச் சம்பளமே தந்திருந்தது. சமையல் பெண்ணும் காவலரும் வேறு வேறு இனம், வேறு வேறு மறை. ஒரே வாயிலில் பணி செய்தவர்கள் என்பதைத் தவிர உறவு ஏதும் இல்லை.

சமையல் பெண் வெளியேற்றப்படவில்லை. வளாகத்தின் தீர்மானத்தை இந்த ஒரு குடும்பம் ஏற்காதது மற்றவர்களுக்குக் கசப்பாயிற்று. சில மாதங்கள் பேச்சுவார்த்தைகூடக் குறைவு.

அக்டோபர் வந்தது. காவல்துறையின் கொள்ளைத் தடுப்புச் சிறப்புப் பிரிவான 'சார்ஸ்' செய்த கொடுமைகளை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். கொள்ளையரைத் தடுக்கத் தொடங்கிய படையே மக்களைப் பறிக்கும் படையாயிற்று என்பது அவர்கள் முறையீடு. அக்டோபர் 20 அன்று லாகோஸில் முழு ஊரடங்கு. அன்றிரவே லெக்கி சுங்கச்சாவடியில் கூடியிருந்தவர்கள் மீது படையினர் சுட்டார்கள். அதன்பின் சில நாள்கள் நகரம் எவர் கையிலும் இல்லை. கடைகள் சூறையாடப்பட்டன, காவல் நிலையங்கள் எரிந்தன.

அக்டோபர் 22 அன்று லாகோஸின் மாசாமாசா பகுதியில் மக்கள் ஒரு கிடங்கை உடைத்தார்கள். உள்ளே அரிசி, நூடுல்ஸ், சர்க்கரை, உப்பு, மரவள்ளி மாவாகிய கரி. எல்லாம் பெருநிறுவனங்கள் கூட்டாக நன்கொடை அளித்த நிவாரணப் பொருள்கள். நாடெங்கும் ஏறத்தாழ 17 லட்சம் குடும்பங்களுக்கு என்று திட்டமிட்டவை. விற்பனைக்கு அன்று என அச்சிட்ட மூட்டைகள் பூட்டுக்குள் இருந்தன. ஓசுன், கலாபர், ஜோஸ், கடுனா, இறுதியில் அபுஜா என ஊர் ஊராகக் கிடங்குகள் திறக்கப்பட்டன. பொருள்களை மறுபொதி கட்டிக்கொண்டிருந்தோம் என்று ஓர் அரசு சொன்னது. இரண்டாம் அலைக்காக இருப்பு வைத்தோம் என்று இன்னோர் அரசு சொன்னது. மக்களும் உணவோடு நின்றுவிடவில்லை. அடமாவா மாநிலத்தில் உழவு இயந்திரங்களையும் ஓட்டிச் சென்றார்கள். அக்குவினாசின் பாடம் உழவு இயந்திரம் வரை நீளாது. ஆனால் கரி மூட்டையைத் தலையில் சுமந்து ஓடிய தாயை அந்தப் பாடத்தின் முன் நிறுத்தினால், தீர்ப்பு யாருக்கு எதிராக எழுதப்படும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பசித்தவன் பங்கைப் பூட்டி வைப்பவனே கள்வன் என்னும் பொருளில் புனித பசிலியார் நான்காம் நூற்றாண்டிலேயே மறையுரை ஆற்றியிருக்கிறார்.

அந்த வாரத்தில் மூன்று இரவுகள் மைகார்ட் பணிக்கு வரவில்லை. வளாகத்தில் எல்லாருக்கும் ஒரே எண்ணம்: கும்பலோடு சேர்ந்துவிட்டார், கதவின் பூட்டு அவருக்குத் தெரியும், இன்றிரவு வருவார்கள். ஆண்கள் மட்டைப்பந்து மட்டைகளோடு கதவுக்குப் பின்னால் முறைவைத்து உட்கார்ந்தார்கள். நம் பொறியாளரும் உட்கார்ந்தார். எவரும் வரவில்லை. நான்காம் நாள் காலையில் மைகார்ட் வந்தார். கையில் துணிக்கட்டு. தம் தெருவைக் காக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆண் வர வேண்டும் என்று முடிவு செய்தார்களாம். அவர் வீட்டில் வேறு ஆண் இல்லை. ஏப்ரலிலும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். அப்போது பணியை விட அஞ்சி அவர் வரவில்லை. வளாகத்து வாயிலில் நின்று நம் மக்களைக் காத்த அந்த இரவுகளில் அவருடைய தெருவில் அவர் வீட்டுக்காக வேறொருவர் தீயருகே நின்றிருக்கிறார். அந்தக் கடனைத்தான் அக்டோபரில் தீர்க்கப் போயிருக்கிறார்.

இதைக் கேட்டபோது நமக்கு ஒன்று புலப்பட்டது. கொள்ளைக்கு அதிகம் அஞ்சியவர்கள் மதிலுக்கு உள்ளே இருந்தவர்களாகத் தோன்றினார்கள்; அவர்களுடைய அச்சம்தான் நம் காதுக்கு எட்டியது. கொள்ளைக்கு அதிகம் ஆளானவர்கள் மதில் இல்லாதவர்கள். ஒரு கைப்பேசி, இரண்டு மரக்கால் மாவு, இதுதான் அவர்கள் வீட்டில் பறிக்க இருந்த பொருள். அதற்காக அவர்கள் விடிய விடிய நின்றார்கள். பறித்தவர்களும் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள். அந்த ஆண்டின் இறுதிக் காலாண்டில், அப்போதைய கணக்கு முறைப்படி, வேலை தேடியும் கிடைக்காதவர் நாட்டில் நூற்றுக்கு 33 பேர்; இளையோரிடையே அது இன்னும் அதிகம்.

ஒப்பந்த நிறுவனம் விளக்கத்தைக் கேட்கவில்லை. மூன்று இரவு வரவில்லை என்று மைகார்ட்டை நீக்கிவிட்டு வேறொருவரை அனுப்பியது. பொறியாளர் எழுதிக் கொடுத்தும் பயனில்லை. அவர் இப்போது அகேகேயில் சூயா விற்கிறார். மசாலா தடவிக் கம்பியில் குத்தி வாட்டிய இறைச்சி அது, ஹவுசா மக்களின் கைத்தொழில்.

2023 மே மாதம் பெட்ரோல் மானியம் நீக்கப்பட்டது. சூனில் நைராவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். உணவு விலை மீண்டும் பறந்தது. 2024-இல் குறைந்தபட்ச ஊதியத்தை 70,000 நைரா ஆக்கினார்கள். அரிசி மூட்டை அதையும் தாண்டிப் போயிற்று. அவ்வாண்டு மார்ச் மாதம் அபுஜாவில் மீண்டும் ஒரு கிடங்கு உடைக்கப்பட்டது. வளாகத்துக் குடும்பங்கள் மறுபடி கூடின. மதிலை இரண்டு வரிசை உயர்த்த வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். பொறியாளரின் மனைவி, மாத முதல் நாளில் பணியாளர் ஒவ்வொருவருக்கும் பத்து கிலோ அரிசி கொடுத்துவிடலாம் என்றார். கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம், எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்கவும் வேண்டாம் என்றார். நெடுநேரம் வாதம் நடந்திருக்கிறது. இரண்டு தீர்மானங்களும் நிறைவேறின.

இவ்வாண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது பொறியாளர் நம் இல்லத்திற்கு வந்தார். மதில் வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டோம். முடிந்துவிட்டதாம். மேல் வரிசைக்குக் கல் எடுத்துக் கொடுக்கத் தினக்கூலிக்கு வந்தவர்களில் பழைய மைகார்ட்டின் மூத்த மகனும் இருந்தான் என்றார். மதிய உணவுக்கு அவனை உள்ளே அழைத்து உட்கார வைத்தார்களாம்; அவன் பாதிச் சோற்றைத் தாளில் மடித்துக்கொண்டு போனானாம்.